அமைதியான ஆற்றுக்கு அடியில்: டோரு பள்ளத்தாக்கின் ஒயினும் படகும்

இந்த எபிசோடை ஒரு சுற்றுலா பேக்கேஜிலிருந்து ஆரம்பிக்கலாம்.

போர்ச்சுகலுக்கு டூர் போகிறவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். அரை நாள். உங்களுக்கு மட்டும் தனி கார், தனி கைடு. மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம், அங்கே இரண்டு மூன்று வகை ஒயின் ருசி பார்த்தல். அதன்பின் பின்யாவ் என்ற சின்ன ஊரின் படகுத்துறையிலிருந்து பழைய பாணி மரப்படகில் ஒரு மணி நேரச் சவாரி. இரண்டு பக்கமும் படிப்படியாக வெட்டிய மலைகள், நடுவில் கண்ணாடி மாதிரி அசையாத பச்சைத் தண்ணீர். இன்ஸ்டாகிராமில் ‘டோரு பள்ளத்தாக்கு’ என்று தேடினால் வருகிற படங்களில் பாதி இந்தப் படகிலிருந்து எடுத்தவைதான்.

ஒயின் குடிப்பவர்களுக்கான எபிசோட் இல்லை இது. குடிக்காதவர்களும் தாராளமாகக் கேட்கலாம். நாம் எடுத்துக்கொள்ளப் போவது ஒரே ஒரு கேள்வி: அந்த ஆறு ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறது?

பதில் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். அந்த அமைதிக்கு வயது சுமார் ஐம்பதுதான். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருடைய அப்பா அம்மா வயசு. அதற்கு முந்தைய இருநூறு, முந்நூறு வருடங்களில் இந்த ஆற்றில் படகு ஏறியவர்கள் கரையில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்கள். திரும்பி வருவோம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

திராட்சை ஒரு ஊரில், பெயர் இன்னொரு ஊருக்கு

முதலில் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்வோம். டோரு ஆறு ஸ்பெயினின் வடக்கு மலைகளில் பிறக்கிறது. அங்கே அதற்கு துவேரோ என்று பெயர். கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் மேற்கே ஓடி, போர்ட்டோ நகரத்தில் அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. திராட்சை விளைவது கடலோரத்தில் இல்லை. போர்ட்டோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே, மலைகள் கடல்காற்றை மறைத்துவிடுகிற இடத்தில். கோடையில் அனல், குளிர்காலத்தில் நடுக்கம். ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்வார்கள்.

மண் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஷிஸ்ட் என்ற, பலகை பலகையாகப் பிளக்கிற பாறைதான் எல்லா இடத்திலும். திராட்சைக் கொடியின் வேர் அந்தப் பிளவுகளுக்குள் புகுந்து பல மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தேடிப் போகிறது. நெல்லோ கோதுமையோ அங்கே நிற்காது. கொடி நிற்கும்.

ஆனால் விளைந்த ஒயினுக்குப் பெயர் என்ன தெரியுமா? போர்ட். திராட்சையே விளையாத துறைமுக நகரமான போர்ட்டோவின் பெயர். இன்னும் வேடிக்கை, அந்த ஒயினை நூற்றாண்டுகளாகச் சேமித்து வைத்த கிடங்குகள் போர்ட்டோவிலும் இல்லை. ஆற்றுக்கு எதிர்க்கரையில், காயா என்ற ஊரில் இருக்கின்றன. கடலுக்குப் பக்கம், ஈரக்காற்று, மிதமான வெப்பம், அதனால் பீப்பாயில் ஒயின் மெதுவாக முதிரும். மலை மேலே அதே பீப்பாயை வைத்தால் கோடைச் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிக் கெட்டித்துவிடும் என்பது வியாபாரிகளின் கணக்கு.

ஆக, மூன்று இடங்கள். மலை மேலே விவசாயி. காயாவில் வியாபாரியின் கிடங்கு. கடல் தாண்டி வாங்குகிறவர். இவர்களை இணைத்தது அந்த ஆறு ஒன்றுதான்.

துணிக்கு ஒயின்

வாங்கியது யார்? முக்கியமாக இங்கிலாந்து.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஓயாத சண்டை. சண்டை வந்தால் பிரெஞ்சு ஒயினுக்குத் தடை வரும், இல்லையென்றால் வரி ஏறும். லண்டன்காரர்கள் ஒயினை விடத் தயாராக இல்லை. வேறு நாடு தேடினார்கள். 1703-இல் இங்கிலாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் மெத்துவன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆங்கிலேயக் கம்பளித் துணிக்கு போர்ச்சுகல் கதவைத் திறக்கும். பதிலுக்கு, பிரெஞ்சு ஒயினுக்குப் போடுகிற வரியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே போர்ச்சுகீசிய ஒயினுக்கு இங்கிலாந்து வரி போடும். அவ்வளவுதான் சாரம். படிக்க மிகச் சின்ன ஒப்பந்தம், ஆனால் ஒரு மலைப்பகுதியின் தலையெழுத்தை மாற்றியது.

இன்னொரு விஷயம். கப்பலில் போகும்போது ஒயின் கெட்டுவிடும். அதைத் தடுக்க, திராட்சையிலிருந்தே காய்ச்சிய சாராயத்தைக் கொஞ்சம் கலந்தார்கள். பிறகு அதுவே செய்முறையாக மாறியது. திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரை முழுவதும் சாராயமாக மாறுவதற்கு முன், மொத்த அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், புளிப்பு நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும். போர்ட் இனிப்பாகவும் கடுமையாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு அவசரமும் ஒளிந்திருக்கிறது. புளிப்பு இரண்டு மூன்று நாளிலேயே நிறுத்தப்படுகிறது. அதற்குள் தோலிலிருந்து நிறமும் சுவையும் சாற்றில் இறங்கியாக வேண்டும். எப்படி இறக்குவது? காலால் மிதித்து. லகார் என்று சொல்கிற கருங்கல் தொட்டியில் தொடை அளவு திராட்சைக் கூழ். ஆட்கள் தோளோடு தோள் கோத்து, வரிசையாக, ராணுவ அணிவகுப்பு மாதிரி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். பகல் முழுவதும் மலைச்சரிவில் வேலை பார்த்த அதே ஆட்கள்தான் பெரும்பாலும் இரவில் தொட்டியிலும் நிற்பார்கள். இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு இதையே ஒரு ‘அனுபவம்’ என்று டிக்கெட் போட்டு விற்கிறார்கள்.

335 கற்கள்

வியாபாரம் சூடு பிடித்தது. கூடவே கலப்படமும் வந்தது. நிறம் குறைந்த ஒயினில் எல்டர் என்ற செடியின் கருப்புப் பழச்சாற்றைக் கலந்து நிறம் ஏற்றினார்கள். வேறு ஊர் ஒயினைக் கொண்டுவந்து டோரு ஒயின் என்று விற்றார்கள். தப்பு விவசாயிகள் மேல் என்று வியாபாரிகள் சொன்னார்கள், வியாபாரிகள் மேல் என்று விவசாயிகள் சொன்னார்கள். 1750-களில் விலை படுத்துவிட்டது.

அப்போது லிஸ்பனில் அதிகாரத்தில் இருந்தவர் பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர். 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பனை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீயும் சேர்ந்து அழித்தன. அதற்குப் பிறகு நகரத்தை மீண்டும் கட்டி எழுப்பியவர் இவர்தான். இரும்புக்கரம் கொண்ட மனிதர். 1756 செப்டம்பர் 10 அன்று அரசு ஆதரவில் ஒரு கம்பெனியை ஆரம்பித்தார். டோரு ஒயினின் தரம், விலை, ஏற்றுமதி எல்லாம் இனி அதன் கட்டுப்பாட்டில். எல்டர் செடிகளைப் பிடுங்கி எறியச் சொன்னார். எங்கே விளைந்தால் அது ஏற்றுமதிக்குத் தகுதியான ஒயின் என்று நிலத்தில் எல்லை போட்டார். அந்த எல்லையில் ஆளுயரக் கருங்கல் தூண்கள் நட்டார்கள். 1758-இலும் 1761-இலுமாக மொத்தம் 335 கற்கள். பலவற்றில் ‘ஃபெய்டோரியா’ என்ற சொல் செதுக்கப்பட்டிருக்கும். ஏற்றுமதித் தரம் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் புவிசார் குறியீடு என்று பேசுகிறோம் இல்லையா? ஒரு ஊரின் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டும்தான் வைக்கலாம் என்கிற சட்டம். அதை எல்லைக்கல், தரச் சோதனை, அரசு மேற்பார்வை என்று முழுமையாக நடைமுறைப்படுத்திய மிகப் பழைய இடங்களில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். கல்லுக்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவருக்கு நிச்சயம் நல்லதுதான். அந்தப் பக்கம் இருந்தவருக்கு? அதே பாறை, அதே வெயில், அதே கொடி, ஆனால் விலை பாதாளத்தில். போர்ட்டோ நகரத்தின் சாராயக் கடைக்காரர்களுக்கும் அடி விழுந்தது. நகரத்தில் சில்லறை ஒயின் விற்பனையும் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. 1757 பிப்ரவரியில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். கம்பெனி ஒழிக என்று கூச்சல், கலவரம். பொம்பாலின் பதில் கொடூரமாக இருந்தது. நகரத்துக்குள் ராணுவம் வந்தது, விசாரணை நடந்தது, அந்த ஆண்டு அக்டோபரில் பலர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு ஒயினின் பெயரைக் காப்பாற்றிய சட்டத்துக்குப் பின்னால் இந்தத் தூக்குமேடையும் இருக்கிறது.

மலையை அடுக்கியவர்கள்

படகிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுகிற முதல் விஷயம் அந்தப் படிகள். மலை முழுவதும் யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி. ஒவ்வொரு படியையும் தாங்குவது ஒரு கல்சுவர். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. அங்கேயே உடைத்த ஷிஸ்ட் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, மழைத்தண்ணீர் வழிய இடம் விட்டு அடுக்கியது. பாறையைக் கடப்பாரையாலும் பிறகு வெடி வைத்தும் உடைத்து, அந்தத் தூளையே மண்ணாக நிரப்பி, அதில் கொடி நட்டார்கள். சொல்லப்போனால் அங்கே மண்ணே மனிதர்கள் செய்ததுதான்.

இதைக் கட்டியவர்களில் பெரும் பகுதியினர் உள்ளூர் ஏழைகள், அப்புறம் எல்லைக்கு வடக்கே ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து பிழைக்க வந்த கூலிகள். அறுவடைக் காலத்தில் சுற்றியிருக்கிற மலைக்கிராமங்களிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே வருவார்கள். ஒரு மேஸ்திரி முன்னால், மேளமும் பாட்டுமாக. பெண்கள் திராட்சை வெட்டுவார்கள். ஆண்கள் அதை ஐம்பது கிலோவுக்கும் மேல் பிடிக்கிற உயரமான கூடைகளில், நெற்றியிலும் முதுகிலும் பாரம் தாங்கி, அந்தச் செங்குத்துப் படிகளில் வரிசையாக இறக்குவார்கள். நம்ம ஊர்த் தேயிலை மலைகளை நினைத்துக்கொண்டால் காட்சி புரியும்: தூரத்திலிருந்து அழகு, பக்கத்தில் போனால் முதுகுவலி.

பீப்பாயும் படகும்

இப்போது நமக்கும் இந்த ஆற்றுக்கும் இருக்கிற ஒரு சின்னச் சொந்தத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒயினை ஊற்றி அனுப்பிய பெரிய மரக்கலத்துக்கு போர்ச்சுகீசியத்தில் ‘பீப்பா’ என்று பெயர். டோருவில் ஒரு பீப்பா என்றால் 550 லிட்டர். கலம் மட்டும் இல்லை, அது ஒரு அளவும்கூட. இன்றைக்கும் அங்கே அரசு உத்தரவுகள் ‘இத்தனை பீப்பா’ என்றுதான் கணக்குச் சொல்கின்றன. நாம் தமிழில் சொல்கிற பீப்பாய் இதே சொல்தான். பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் சாவி, ஜன்னல், அலமாரி என்ற சொற்களோடு இதையும் விட்டுவிட்டுப் போனார்கள். ரேஷன் கடை மண்ணெண்ணெயைப் பீப்பாய் என்று சொன்ன நம் தாத்தாக்களுக்கும் டோரு படகோட்டிக்கும் ஒரு வார்த்தை பொது.

அந்தப் பீப்பாய்கள் மலையிலிருந்து கடலுக்குப் போனது ரபேலோ என்ற படகில். அதன் வடிவத்தைப் பார்த்தாலே அந்த ஆறு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். அடிப்பாகம் தட்டை, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கட்டை கிடையாது. ஏன்? பாறைகள் மேல் ஆழமில்லாத இடங்களிலும் வழுக்கிப் போக வேண்டும். பின்னால் சுக்கானுக்குப் பதிலாக, படகு நீளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பெரிய துடுப்பு. ஏன்? வேகமாக ஓடும் தண்ணீரில் சட்டென்று திருப்ப வேண்டும். துடுப்பு பிடிக்கிறவர் நிற்க ஒரு உயரமான மேடை. ஏன்? முன்னால் குவித்திருக்கும் பீப்பாய்களுக்கு மேலே அடுத்த பாறை தெரிய வேண்டும். அலங்காரம் என்று அதில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பலகையும் ஏதோ ஒரு பாறைக்குப் பயந்து வைத்தது.

கீழே போவது ஆபத்து. மேலே வருவது வேறு வகைக் கஷ்டம். சதுரப் பாயை விரித்து மேற்குக் காற்றுக்குக் காத்திருப்பார்கள். காற்று இல்லையென்றால் கரையில் மாடுகள் கயிறு கட்டி இழுக்கும். மாடு போக முடியாத இடத்தில் மனிதர்கள் இழுப்பார்கள்.

வலெய்ரா, 1861 மே 12

இந்த ஆற்றின் மிக மோசமான இடம் வலெய்ரா. இரண்டு பக்கமும் கருங்கல் மலை நெருங்கிவந்து, ஆற்றை ஒரு இடுக்கில் தள்ளுகிற இடம். நடுவில் பெரிய பாறை ஒன்று வழியையே அடைத்திருந்தது. அதைத் தாண்டிப் படகு போகவே முடியாது. 1780-இலிருந்து 1792 வரை, பன்னிரண்டு வருடம் வெடி வைத்து உடைத்துத்தான் வழி திறந்தார்கள். திறந்த பிறகும் அது ஒரு கொந்தளிக்கிற சரிவாகவே இருந்தது.

ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்று ஒருவர். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 1809-இல் பிறந்தவர். 1831-இல் மாமாவின் ஒயின் கம்பெனியில் வேலை பார்க்க போர்ட்டோ வந்தார். மற்ற ஆங்கிலேய வியாபாரிகள் போர்ட்டோவில் உட்கார்ந்துகொண்டு வியாபாரம் பார்த்தபோது, இவர் படகெடுத்து ஆற்றுக்குள் போனார். விவசாயிகளோடு பேசினார். ஓவியம் வரைந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, டோரு ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் பாறையையும் அளந்து, மிக விரிவான வரைபடம் ஒன்றை 1848-இல் வெளியிட்டார். 1844-இல், ஒயினில் நடக்கும் கலப்படத்தைத் திட்டி ஒரு துண்டுப் பிரசுரமும் போட்டார். சக வியாபாரிகள் கடுப்பானார்கள். போர்ச்சுகல் அரசு அவருக்கு பரோன் பட்டம் கொடுத்தது.

1861 மே 12 அன்று அவர் போன படகு வலெய்ராவில் கவிழ்ந்தது. அந்த ஆற்றின் பாறைகளை அவரைவிட நன்றாகக் காகிதத்தில் போட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் அதே பாறைகளுக்கு நடுவே அவர் மூழ்கினார். உடல் கிடைக்கவே இல்லை. அதே படகில் இருந்தவர் டோனா அந்தோனியா ஃபெரெய்ரா. முப்பதுகளிலேயே கணவரை இழந்து, அதன்பிறகு டோருவின் மிகப் பெரிய தோட்ட முதலாளியாக வளர்ந்த பெண்மணி. அவர் பிழைத்தார்.

இதற்கு அங்கே ஒரு பிரபலமான கதை உண்டு. ஃபாரஸ்டர் இடுப்பில் தங்கக் காசுகள் நிறைந்த பெல்ட் கட்டியிருந்தாராம், அதனால் மூழ்கினாராம். அந்தோனியாவின் அந்தக்கால அகலமான வளையப் பாவாடை காற்றை அடைத்துக்கொண்டு அவரை மிதக்க வைத்ததாம். நிஜமா தெரியாது, கைடுகள் தவறாமல் சொல்வார்கள். நான் சொல்ல வருவது வேறு. இந்தக் கதையில் இரண்டு பெயர்கள் நினைவில் நிற்கின்றன: ஒரு பரோன், ஒரு முதலாளியம்மா. அந்த இடத்தில் வருடா வருடம் பீப்பாய்களோடு இறங்கிய ரபேலோ ஆட்கள், பெயரில்லாமல் ‘படகோட்டிகள்’ என்றுதான் வருகிறார்கள். வலெய்ராவை அவர்கள் ஒருமுறை கடக்கவில்லை. பிழைப்பாகக் கடந்தார்கள்.

பூச்சி, ரயில், அணை

அடுத்த அடி மண்ணுக்குள்ளிருந்து வந்தது. ஃபில்லோக்சரா, வேரைத் தின்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுப் பூச்சி. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு ஐரோப்பாவுக்கு வந்து, 1860-களில் டோருவுக்குள் நுழைந்தது. தோட்டம் தோட்டமாகக் காய்ந்தது. கடைசியில் கிடைத்த தீர்வு, பூச்சி வந்த அதே அமெரிக்காவிலிருந்து: அந்த நாட்டுக் கொடியின் வேர்ப்பகுதி பூச்சியைத் தாங்கும், அதன்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட வேண்டும். பணம் இருந்தவர்கள் ஒட்டுப்போட்டார்கள், சுவர்களைப் புதிதாகக் கட்டினார்கள். பணம் இல்லாதவர்கள் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள், பலர் பிரேசிலுக்கு. அவர்கள் விட்டுப்போன படிகள் இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் அவற்றை ‘மோர்டோரியோ’ என்பார்கள். சாவு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். படகில் போகும்போது பச்சை வரிசைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பாழடைந்த படிகள் தெரிந்தால், அது ஒரு குடும்பம் கிளம்பிப்போன இடம்.

அதே காலத்தில் ரயில் வந்தது. ஆற்றங்கரையை ஒட்டியே தண்டவாளம். 1880-இல் பின்யாவைத் தொட்டது, 1887-இல் ஸ்பெயின் எல்லை வரை போனது. பீப்பாய்கள் மெல்ல ரயிலுக்கு மாறின. பிறகு லாரி வந்தது. 1960-களில் ஒயின் சுமந்த கடைசி ரபேலோக்களும் ஓய்ந்தன.

அப்புறம்தான் அணைகள். மின்சாரத்துக்காக, 1970-களின் தொடக்கத்திலிருந்து 1985-க்குள், போர்ச்சுகலுக்குள் ஓடும் டோருவில் ஐந்து அணைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் கப்பல்கள் ஏறி இறங்க ஒரு நீர்த்தொட்டி. படகு உள்ளே போனதும் கதவை அடைத்து, தண்ணீரை ஏற்றி அல்லது இறக்கி அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். கர்ராபடெலோ அணையில் மட்டும் இந்த ஏற்றம் 35 மீட்டர், கிட்டத்தட்ட பத்து மாடி உயரம். 1990-இலிருந்து கடலிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை சுமார் 210 கிலோமீட்டர் முழுவதும் கப்பல் போகலாம்.

ஆறு ஐந்து ஏரிகளாக மாறியது. வலெய்ராவின் கொந்தளிப்பு தண்ணீருக்கு அடியில் போனது. பின்யாவ் படகுத்துறையில் நீங்கள் பார்க்கும் கண்ணாடித் தண்ணீர், கீழே ரேகுவா பக்கத்தில் கட்டிய அணை தேக்கி வைத்திருக்கிற தண்ணீர். இதில் ஒரு விசித்திரம் கவனித்தீர்களா? ரபேலோ என்ற படகு எந்த ஆற்றுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அந்த ஆறு இப்போது இல்லை. இன்று பயணிகளை ஏற்றும் ரபேலோவுக்கு மோட்டார் உண்டு, பயப்பட ஒரு பாறைகூட இல்லை. காயா கரையில் கட்டியிருக்கும் ரபேலோக்களின் பாய்களில் ஒயின் கம்பெனிகளின் பெயர்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஜூன் 24 அன்று, புனித யோவான் திருநாளில் அவை போட்டி போட்டு ஓடும்.

அழகுக்கு யார் கூலி கொடுப்பது?

2001-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. காரணம் இயற்கை அழகு இல்லை. மனிதர்கள் உருவாக்கிய, இன்னும் உழைத்து வாழ்கிற ஒரு நிலக்காட்சி என்பதற்காக. இந்த ‘இன்னும் உழைத்து வாழ்கிற’ என்பதுதான் இப்போது ஆட்டம் காண்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் டோருவில் எவ்வளவு சாற்றை போர்ட் ஒயினாக மாற்றலாம் என்று ஒரு உச்சவரம்பு அறிவிப்பார்கள். அதற்கு ‘பெனிஃபீசியோ’ என்று பெயர். நிலத்தின் தரத்துக்கு ஏ, பி, சி என்று மார்க் போட்டு, அந்த மார்க்குக்கு ஏற்ப ஒவ்வொரு தோட்டத்துக்கும் பங்கு பிரிப்பார்கள். போர்ட்டுக்குப் போகிற திராட்சைக்கு நல்ல விலை. மீதியைச் சாதாரண மேசை ஒயினுக்கு விற்க வேண்டும், பல சமயம் வளர்த்த செலவுக்கே கட்டுப்படியாகாது.

உலகத்தில் போர்ட் குடிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2023-இல் அந்த உச்சவரம்பு 104,000 பீப்பா. 2024-இல் 90,000. 2025-இல் 75,000. இரண்டே வருடத்தில் கால் பங்குக்கும் மேல் வெட்டு. வியாபாரிக்குக் கிடங்கில் பழைய சரக்கு இருக்கிறது, காத்திருக்கலாம். திராட்சை காத்திருக்காது. சில ஏக்கர் மட்டும் வைத்திருக்கிற சிறு விவசாயி, செப்டம்பரில் பழுத்த குலையை வெட்டுவதா, கொடியிலேயே விடுவதா என்று யோசிக்க வேண்டிய நிலை. அங்கே பெரும்பாலானவர்கள் அப்படிப்பட்ட சிறு விவசாயிகள்தான். பிள்ளைகள் போர்ட்டோவுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். வருடா வருடம் மழையில் சரியும் கல்சுவரைத் திரும்ப அடுக்கத் தெரிந்த கைகள் குறைகின்றன.

முந்நூறு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஓட்டம்தான் தெரிகிறது. பெயரும் லாபமும் ஆற்றோடு கீழே போயிருக்கின்றன. ஆபத்து மலை மேலேயே தங்கியிருக்கிறது. 1926-இலிருந்து 1986 வரை சட்டமே அப்படி இருந்தது: போர்ட் ஒயினை காயாவிலிருந்துதான் ஏற்றுமதி செய்யலாம். மலை மேலே விளைவித்தவர் தன் ஊரிலிருந்து நேராக வெளிநாட்டுக்கு ஒரு பாட்டில் அனுப்ப அறுபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் மாறிய பிறகுதான் சின்னத் தோட்டங்கள் தங்கள் சொந்தப் பெயரில் பாட்டில் அடைத்து விற்க ஆரம்பித்தன. நீங்கள் அரை நாள் டூரில் போய் ருசி பார்க்கிற குடும்பத் தோட்டங்களில் பலவும் அந்த மாற்றத்துக்குப் பிறகு நிமிர்ந்தவை.

அதனால் டூர் போகாதீங்க என்று நான் சொல்லவே மாட்டேன். போகணும். மலை மேலே பணம் தங்குகிற சில வழிகளில் சுற்றுலாவும் ஒன்று. போகும்போது இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒன்று, பாட்டில் வாங்குவதாக இருந்தால் காயாவின் பெரிய கடையில் வாங்குவதற்குப் பதில், விளைவித்த தோட்டத்திலேயே வாங்குங்கள். இரண்டு, படகு ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி பின்யாவ் ரயில் நிலையத்துக்கு நடந்து போங்கள். படகுத்துறைக்குப் பக்கம்தான். அதன் வெளிச்சுவர் முழுவதும் நீலமும் வெள்ளையுமாக ஓட்டுச் சித்திரங்கள். திராட்சை வெட்டும் பெண்கள், கூடை சுமக்கும் ஆண்கள், பீப்பாய் ஏற்றிய ரபேலோக்கள், அணை வருவதற்கு முந்தைய ஆறு. யாருக்கும் கீழே பெயர் எழுதவில்லை. ஆனால் அந்தக் கூடையின் கனம் கழுத்தில் எங்கே உட்காரும் என்பதை வரைந்தவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.